கழுத்துக்குக் கீழே எல்லா இடமும்

சேரம்பாடியில் ஆடி மாதம் கம்பளி காயாது.
மூன்றாம் லைனில் அரிப்பு முதலில் வந்தது
யார் வீட்டுக்கு என்பதில் இன்னும் தீர்ப்பில்லை.
ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வந்த என் பிரமிளாதான்
விரலிடுக்கில் வைத்துக் கொண்டுவந்தாள் என்கிறாள்
சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் தவமலர்.
என்னிடம் சொல்லவில்லை, குழாயடியில் சொன்னாள்.
பொங்கலப்போ தண்ணீர்ப் பைப்பைத் தன் பக்கம் இழுத்தாள்.
அதிலிருந்து பேச்சில்லை.

பகலில் தெரியாது.
கொழுந்து பறிக்கிற விரலுக்கு வேறு வேலை இருக்கிறது,
காலில் அட்டை, கழுத்தில் மழை.
ராத்திரிதான் அதற்குப் பொழுது விடிகிறது.
கம்பளிக்குள் உடம்பு சூடு கண்டதும்
மணிக்கட்டில் புறப்பட்டு
பாவாடை நாடாத் தடத்தில் வந்து உட்காரும்.
சொறிந்தால் சுகம்.
சுகம் முடிந்தால் எரிச்சல்.
எரிச்சலை ஆற்ற மறுபடி நகம்.

நடுவில் ஒரு செங்கல் சுவர்தான்.
தவமலர் சொறிவது எனக்குக் கேட்கும்.
நான் நிறுத்தினால் அவள் தொடங்குவாள்.
ஆறு மாதத்தில் நாங்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

வேப்பிலை அரைத்தோம்.
தேங்காயெண்ணெயில் கற்பூரம் கரைத்தோம்.
துணிச்சோப்பால் தோல் உரியத் தேய்த்தோம்.
ரத்தம் கெட்டுப்போச்சு என்றார் கங்காணி பிச்சைமுத்து.
கருவாட்டை விட்டதுதான் மிச்சம்.

நர்ஸ் எல்சி குடையை உதறிவிட்டு
என் விரலிடுக்கை லென்ஸில் பார்த்தாள்.
"ரத்தமும் இல்லை, அழுக்கும் இல்லை. பூச்சி.
தோலுக்குள் சுரங்கம் வெட்டி முட்டை வைக்கிறது."
எனக்கு அதன்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.
கப்பலில் வந்து, யாரோ ஒருவர் மலையைக் கீறி,
லைன் போட்டுப் பிள்ளை பெற்றவர்கள்தானே நாங்களும்.

"பன்னிரண்டு வீடும் ஒரே ராத்திரியில் பூசணும்.
ஒரு வீடு விட்டாலும் திரும்பி வரும்.
கழுத்துக்குக் கீழே எல்லா இடமும்.
நகத்துக்கு அடியில். தொப்புளில். முதுகில்.
காலையில் குளிச்சுட்டு துணியைக் கொதிக்க வைங்க.
கம்பளியைச் சாக்கில் கட்டி ஒரு வாரம் தொடாதீங்க.
அடுத்த வாரம் இன்னொரு தடவை."

முதுகு என்றபோது நான் கூரையைப் பார்த்தேன்.
வீட்டுக்காரர் திருப்பூரில், பனியன் கம்பெனியில்.
பிரமிளா திங்கட்கிழமையே போய்விட்டாள்.

வெள்ளி ராத்திரி கரண்ட் இல்லை.
கீழே பலாமரத்தடியில் யானை என்று விசில் கேட்டது.
ஊதியது தவமலரின் புருஷன் நடேசன், காவல் முறை அவருக்கு.
பன்னிரண்டு கதவும் சாத்தியிருந்தன,
பன்னிரண்டிலும் ஒரே மருந்து வாசம்.
எட்டிய வரைக்கும் பூசினேன்.
அகப்பைக் காம்பில் துணி சுற்றிப் பார்த்தேன்.
தோள்பட்டை நடுவில் உள்ளங்கை அகலம் மிச்சம்.
என் உடம்பிலேயே எனக்குப் பட்டா இல்லாத இடம்.

சுவரில் தட்டினேன்.
அந்தப் பக்கம் சொறிவது நின்றது.

டார்ச் அடிக்காமல் வந்தாள்,
பலாமரத்தைப் பார்த்தபடி பக்கவாட்டில் நடந்து,
கையில் அவளுடைய ட்யூப்.
"திரும்பு" என்றாள்.
மருந்து சில்லென்றிருந்தது, கை அதைவிட.
காய்ப்பேறிய விரல் உரசியதில்
சொறிந்த சுகமும் கிடைத்தது. சொல்லவில்லை.
பிறகு அவள் திரும்பி நின்றாள்.
இருட்டில் புள்ளிகளைத் தடவித் தடவிக் கண்டுபிடித்தேன்.
கொஞ்சம் அழுத்தமாகவே தேய்த்தேன்,
பைப்பை நினைத்து.

காலையில் லைன் முழுக்கச் சட்டிகள் கொதித்தன.
உரச்சாக்கில் கட்டிய கம்பளிகள்
வேண்டாத விருந்தாளி மாதிரி சுவரோரம் சாய்ந்திருந்தன.

பூச்சி செத்தாலும் இரண்டு வாரம், மூன்று வாரம் அரிக்கும் என்று
எல்சி முன்பே சொல்லியிருந்தாள்.
செத்த சேதி தோலுக்குப் போய்ச் சேர நாளாகுமாம்.
இன்றைக்குப் பத்தாம் நாள்.
படுத்தால் கேட்கிறது, அந்தப் பக்கம், நகம்.
"சொறியாதேடி" என்று சுவரைப் பார்த்துக் கத்துகிறேன்.
"முதல்ல நீ கையை எடு" என்கிறாள்.